டைட்டானியத்தில் 100 நானோமீட்டர் குழாய் வளர்த்தும் செல் ஒட்டுகிறது. ஏன்?

கேள்வி:
எலும்பு கூடியபின் கழற்றவேண்டிய திருகுகளுக்காக, திசு பிடிக்காத மேற்பரப்பு தேவை. 0.25 மி.மீ. டைட்டானியத் தகடு, எத்திலீன் கிளைக்காலில் 0.3% அம்மோனியம் ஃபுளூரைடும் 2% தண்ணீரும், 60 வோல்ட், 2 மணி நேரம் அனோடைஸ் (மின்சாரம் செலுத்தி ஆக்சைடுக் குழாய் வளர்ப்பது). பிறகு 450 டிகிரி செல்சியஸில் 2 மணி நேரம் சுட்டது. எஸ்இஎம் (எலக்ட்ரான் நுண்ணோக்கி) படத்தில் குழாய் விட்டம் சுமார் 100 நானோமீட்டர். ஆனால் 10% சீரம் (இரத்தத் தெளிநீர்) சேர்த்த ஊடகத்தில் 24 மணி நேரத்துக்குள் ஃபைப்ரோபிளாஸ்ட் (இணைப்புத் திசு செல்) நன்றாகப் படர்ந்துவிடுகிறது. இடைவெளி 70 நானோமீட்டரைத் தாண்டினால் செல் ஒட்டாது என்றுதானே சொல்கிறார்கள்? தவிர, உலரும்போது ஓரத்தில் படலம் செதிலாக உரிகிறது.

பதில் 1:
அந்த 70 எங்கிருந்து வந்தது என்று பாருங்கள். 2004-இல் ஆய்வாளர் ஸ்பாட்ஸின் குழு செய்த சோதனையில் தங்கப் புள்ளிகள் 58 நானோமீட்டர் இடைவெளியில் இருந்தபோது செல் ஒட்டியது, 73-இல் ஒட்டவில்லை. புள்ளிகளுக்கு நடுவே இருந்த இடம் முழுக்க புரதம் பிடிக்காத பெக் (பாலிஎத்திலீன் கிளைக்கால்) பூச்சு. உங்கள் தகட்டில் அப்படி இல்லை; குழாய் விளிம்புகள் தொடர்ச்சியான ஆக்சைடு. சீரம் பட்ட சில நிமிடங்களிலேயே ஃபைப்ரோனெக்டினும் விட்ரோனெக்டினும் அங்கே படிந்துவிடும். செல் பிடிப்பது அந்தப் புரதத்தைத்தான். 2007-இல் ஜெர்மனியின் எர்லாங்கனில் 100 நானோமீட்டர் குழாயில் ஸ்டெம் செல்கள் இறந்தது உண்மை. வேறு ஆய்வகங்களில் அதே விட்டத்தில் செல்கள் நன்றாக வளர்ந்ததும் உண்மை. விட்டத்தை மட்டும் நம்பிப் பூச்சு வடிவமைப்பது வீண்.

பதில் 2:
உரிவதற்குக் காரணம் தடிமன். 2 மணி நேரத்தில் குழாய் பல மைக்ரான் நீளம் வளரும். உலரும்போது திரவம் இழுக்கும் நுண்புழை விசையைத் தாங்காது, அடியிலுள்ள ஃபுளூரைடு செறிந்த அடுக்கும் பலவீனமானது. நேரத்தைக் குறைத்து 1 மைக்ரானுக்குள் நிறுத்துங்கள். கடைசியில் சில நிமிடம் ஃபுளூரைடு இல்லாத பாஸ்பாரிக் அமிலத்தில் அனோடைஸ் செய்தால் அடியில் கெட்டியான ஆக்சைடு உருவாகிப் பிடிப்பு கூடும். கழுவத் தண்ணீர் வேண்டாம், எத்தனால் போதும். எல்லாம் பிளாஸ்டிக் பாத்திரத்தில்தான். ஃபுளூரைடு கண்ணாடியை அரிக்கும். தோலில் பட்டால் தடவ, கால்சியம் குளுக்கோனேட் ஜெல் கைக்கெட்டும் இடத்தில் இருக்கட்டும்.

கேள்வி கேட்டவர்:
சுடாமல் விட்ட தகட்டில் செல் குறைவாகவே இருக்கிறது. சுடுவதையே விட்டுவிடலாமா?

பதில் 1:
கூடாது. சுடாத குழாயில் ஃபுளூரைடு மிச்சம் இருக்கும். செல் ஒட்டாததும் செத்துப்போனதும் எண்ணிக்கையில் ஒன்றுபோலத் தெரியும். மிதக்கும் செல்களைச் சாதாரண வளர்ப்புத் தட்டுக்கு மாற்றிப் பாருங்கள்: அங்கே ஒட்டினால் பூச்சு வேலை செய்கிறது, ஒட்டாவிட்டால் அது நஞ்சு. ஒப்பீட்டுக்கு, அனோடைஸ் செய்யாமல் அதே வெப்பத்தில் சுட்ட தட்டையான தகடு ஒன்று கட்டாயம் வேண்டும்.

பதில் 3:
குழாய்மேல் பிஎல்எல்-ஜி-பெக் போடுங்கள், அதாவது பெக் கிளைகள் கொண்ட பாலிலைசின். பிஎச் 7.4-இல் டைட்டானியம் ஆக்சைடுக்கு எதிர் மின்னூட்டம், பாலிலைசினுக்கு நேர் மின்னூட்டம், தானாகவே ஒட்டிக்கொள்ளும். 10 மில்லிமோலார் ஹெப்பெஸ் தாங்கலில் (பிஎச் மாறாமல் வைக்கும் கரைசல்) மில்லிலிட்டருக்கு 0.1 மில்லிகிராம், 0.2 மைக்ரான் வடிகட்டி, அறை வெப்பநிலையில் 45 நிமிடம். அதற்குச் சற்று முன்பு 2 நிமிடம் ஆக்சிஜன் பிளாஸ்மா. சுட்டு ஒரு வாரம் டப்பாவில் கிடந்த தகட்டில் காற்றிலுள்ள கரிமம் படிந்து, குழாய்க்குள் கரைசல் இறங்காது. நிறையப் பேர் சறுக்குவது இங்கேதான்.

இது வெறும் மின்கவர்ச்சிப் பிடிப்பு. உப்புச் செறிவு ஏறினாலோ அமிலத்தன்மை கூடினாலோ கழன்றுவிடும், பெக்கும் உடலுக்குள் மெல்ல ஆக்சிஜனேற்றம் அடையும். சில நாள் சோதனைக்குச் சரி. மாதக்கணக்கில் நிற்கவேண்டிய திருகு என்றால் வேதிப்பிணைப்பாகக் கட்டிய சல்ஃபோபீட்டைன் தூரிகைப் பூச்சுக்குப் (புரதம் ஒட்டவிடாத பாலிமர் இழைகள்) போங்கள்.