சுவர் இறங்கிய வீடுகள்: உங்கள் வீட்டில் கடைசியில் காரணம் எது?

பள்ளத்தூர்க்காரன்

இரண்டு வருடமாகிறது, அந்த நீல நிறம் இன்னும் கண்ணை விட்டுப் போகவில்லை. ஐயா காலத்துச் செட்டிநாட்டு வீடு. வீட்டின் இரண்டாம் பகுதியான இரண்டாம் கட்டின் கிழக்குச் சுவரில், கதவு நிலைக்கு மேல் மூலையிலிருந்து படிப்படியாக ஏறும் விரிசல். கொத்தனார் மூன்று முறை சிமெண்ட் வைத்து அடைத்தார், மூன்று ஐப்பசியிலும் அது வாய் திறந்தது. பக்கத்து வீட்டு ஆழ்துளைக் கிணறு என்றார் சித்தப்பா. கொல்லை வேப்பமரம் என்றார் கொத்தனார். வாஸ்து என்று சொன்னவரைப் பற்றி எழுதப் போவதில்லை.

வீட்டு நடுவே திறந்த முற்றமான வளவு வாசலில் விழும் மழைநீர் தரைக்கடியில் செங்கல் வாய்க்காலில் ஓடித் தெருவுக்கு வந்து ஊருணிக்குப் போகும் ஏற்பாடு உங்கள் வீட்டிலும் இருக்கும். எங்கள் வளவு வாசலில் எந்த மழைக்கும் தண்ணீர் தேங்கியதில்லை. அதனாலேயே வாய்க்காலை யாரும் சந்தேகிக்கவில்லை.

சுவரோரம் இடுப்பளவு குழி வெட்டச் சொன்னேன். சொட்டு நீலம் ஒரு பாட்டிலைக் கலந்து, வளவு வாசல் துளையில் குடம் குடமாக ஊற்றினோம். மகன் தெரு வாய்க்காலில் நின்றான். பத்தாவது குடத்துக்கும் "ஒன்றும் வரவில்லை அப்பா" என்றான். குழிக்குள் எட்டிப் பார்த்தால், கடைக்கால் கல்லிடுக்கிலிருந்து நீலம் கசிந்து இறங்கிக்கொண்டிருந்தது. என்றோ குளியலறைக்குக் குழாய் பதித்தவர்கள் வாய்க்காலை உடைத்துவிட்டு, மேலே ஒரு பலகைக் கல்லை வைத்து மூடிவிட்டுப் போயிருக்கிறார்கள். அத்தனை வருட மழையும் அஸ்திவாரத்தின் அடி மண்ணை அரித்துக்கொண்டு போயிருக்கிறது.

ஓய்வுபெற்ற மேற்பார்வையாளர், காரைக்குடி

நீலம் ஊற்றியது சரி. ஆனால் விரிசல் என்றதும் எல்லோரும் அஸ்திவாரத்துக்கு ஓடுவது தவறு. காரைக்குடியில் ஒரு வீட்டுக்காரர் சுவர் இறங்கிவிட்டது என்று கடைக்காலைத் தோண்ட ஆளே அமர்த்திவிட்டார். நான் டியூப் லெவல் (தண்ணீர் நிரப்பிய குழாயால் மட்டம் பார்ப்பது) பிடித்துப் பார்த்தேன், தரையில் ஒரு நூல்கூட வித்தியாசம் இல்லை. விரிசல் கூரையை ஒட்டிக் கிடைமட்டமாக ஓடியது. பழைய ஓட்டுக் கூரையை எடுத்துவிட்டுக் கான்கிரீட் தளம் போட்டிருந்தார்கள். வெயிலில் தளம் விரிந்து சுவரின் தலையைத் தள்ளியிருக்கிறது. தோண்ட வந்தவர்களுக்கு அரை நாள் கூலி கொடுத்து அனுப்பினோம்.

ஆகவே முதலில் விரிசலைப் படியுங்கள். மேலே அகன்று கீழே ஒடுங்கினால் பெரும்பாலும் சுவரின் ஓரம் இறங்குகிறது. கீழே அகன்றிருந்தால் நடுப்பகுதி. பூச்சை உரித்துவிட்டு, செங்கல்லின்மேல் விரிசலுக்குக் குறுக்கே மெல்லிய கண்ணாடித் துண்டை ஒட்டித் தேதி எழுதி வையுங்கள். பூச்சின்மேல் ஒட்டினால் பூச்சின் கதைதான் தெரியும். கோடையும் ஐப்பசி, கார்த்திகை மழையும் கழிய ஒரு வருடமாவது காத்திருங்கள். மழையில் மட்டும் கண்ணாடி உடைந்தால் தண்ணீர்ப் பாதையைத் தேடுங்கள். உடையவே இல்லை என்றால், வீடு என்றோ இறங்கி நின்றுவிட்டது என்று பொருள்.

மரத்தின்மேல் பழி போடுமுன் மண்ணைப் பாருங்கள். செம்புறை என்கிற கெட்டிச் செம்மண் காய்ந்தால் பெரிதாகச் சுருங்காது. கண்மாய்ப் பக்கத்துக் களிமண்ணில்தான் வேர் ஈரத்தை இழுக்க இழுக்க மண் சுருங்கிச் சுவரைக் கீழே விடும். அந்த மண்ணில் பெரிய மரத்தை ஒரே நாளில் வெட்டுவதும் ஆபத்து, ஈரம் ஏறி மண் உப்பிச் சுவரைத் தூக்கும். கழிவுநீர்த் தொட்டி எங்கே, கிணறு எங்கே, தெருச் சாலையை உயர்த்திப் போட்ட பிறகு தண்ணீர் எந்தப் பக்கம் திரும்புகிறது என்று ஒரு தாளில் வரைந்து வைத்துக்கொள்ளுங்கள். மழை பெய்யும்போது குடை பிடித்துக்கொண்டு வீட்டைச் சுற்றி நடந்து பாருங்கள். இதற்குப் பணம் தேவையில்லை.

தேவகோட்டை மருமகள்

ஐயா, ஒரு வருடம் காத்திருங்கள் என்று எழுதிவிட்டீர்கள். பதினான்கு பங்காளிகள் உள்ள வீட்டில் அதை யாரிடம் போய்ச் சொல்வது?

எங்கள் வீட்டுக் கூடமான பட்டாலையின் வடமேற்கு மூலை தாழ்ந்திருக்கிறது. பிள்ளைகள் ஆத்தங்குடிக் கல் தரையில் கோலிக்குண்டை எங்கே வைத்தாலும் அந்த மூலைக்கே போகும். கொழுந்தனார் ஒரு பொறியாளரை அழைத்து வந்தார். வந்தவர் சுவரைத் தட்டிப் பார்த்து, "முழுக்க இறங்கிவிட்டது, இடித்துவிடுவதே நல்லது" என்றார். அதில் எனக்கு வருத்தமில்லை. கூட வந்தவர் சுவர்ப் பக்கமே திரும்பவில்லை. அவர் முகப்பில் நின்று, பர்மா தேக்குத் தூண்களை நூல் பிடித்துச் சுற்றளவு எடுத்துக்கொண்டிருந்தார். நான் காபித் தட்டோடு நிற்கிறேன். நான்காவது தூணின் அளவை எழுதிக்கொண்டு, "சர்க்கரை வேண்டாம்" என்கிறார்.

அன்று மாலையே நானும் கண்ணாடி ஒட்டினேன். பதினோரு மாதம் ஆகிறது, உடையவில்லை. அந்த மூலை தன் மாமியார் வந்த நாளிலிருந்தே அப்படித்தான் என்று அப்பத்தா சொல்கிறார். இதை முதல் நாளே யாரும் அவரிடம் கேட்கவில்லை.

பள்ளத்தூர் அண்ணனிடம் ஒரு கேள்வி: அந்த வேப்பமரம் என்ன ஆயிற்று?

புதுவயல் கொத்தனார் மகன்

மேலே எல்லோரும் சுவரையே பார்க்கிறீர்கள். அடியில் என்ன இருக்கிறது என்று குழி வெட்டிப் பார்த்தவர் பள்ளத்தூர்க்காரர் ஒருவர்தான். அப்பாவோடு ஒரு வேலைக்குப் போனேன். முன்கட்டு பர்மாவில் சம்பாதித்த பணத்தில் எழும்பியது, ஊசி நுழையாத இணைப்பு. பின்கட்டு 1942-இல் பர்மாவிலிருந்து எல்லாம் விட்டுவிட்டு வந்த பிறகு சேர்த்தது. இரண்டும் சேரும் இடத்தில் கூரை முதல் தரை வரை நேர்கோட்டு விரிசல். முன்கட்டுக்கு அடியில் ஆளுயர ஆழத்துக்குச் செம்புறாங்கல் கடைக்கால் போட்டிருந்தது. பின்கட்டின் அடியில் அப்பா கடப்பாரையை வைத்ததும், முழங்கால் ஆழத்திலேயே வெறும் மண்ணில் சொருகி நின்றது. கடப்பாரையை விட்டுவிட்டு அப்பா வெளியே போய் வெற்றிலை போட்டுக்கொண்டார். வீட்டுக்காரரிடம் எப்படிச் சொல்வது என்று யோசித்திருப்பார்.

இன்னொன்று. மூன்று முறை சிமெண்ட் வைத்தாராம். சுண்ணாம்புச் சுவர் கொஞ்சம் அசைவைத் தாங்கும், சிமெண்ட் தாங்காது. காரணத்தை நிறுத்திய பிறகு சுண்ணாம்புக் காரையால் அடையுங்கள். அந்தக் கொத்தனார் எங்கள் ஆள் இல்லை என்று நம்புகிறேன்.

பள்ளத்தூர்க்காரன்

உங்கள் ஆள் இல்லை, தம்பி. வாய்க்காலைக் கட்டி எடுத்து, ஒரு மழைக்காலம் விட்டுப் பார்த்து, சுண்ணாம்பில்தான் அடைத்தோம். இந்த ஐப்பசியில் திறக்கவில்லை.

தேவகோட்டை ஆச்சி கேட்டது வேப்பமரத்தைப் பற்றி. குழி வெட்டுவதற்கு முந்தின மாதமே வெட்டிவிட்டோம். எங்களுடையது செம்புறை மண்தான். குழியில் ஒரு வேர்கூட அகப்படவில்லை.