மூன்று மாதம் எடை தூக்கியும் உடல் ஏறவில்லை: எங்கே தவறுகிறேன்?

நொய்யல்கரை:

அனைவருக்கும் வணக்கம். எனக்கு வயது 25. கோயம்புத்தூரில் பம்பு தயாரிக்கும் நிறுவனம் ஒன்றின் வடிவமைப்புப் பிரிவில், நாள் முழுவதும் கணினி முன் அமர்ந்து வேலை பார்க்கிறேன். உயரம் 172 செ.மீ., எடை 55 கிலோ. உடலில் கொஞ்சம் சதைப்பிடிப்பு வர வேண்டும் என்பது பள்ளி நாளிலிருந்தே எனக்குள்ள ஆசை.

மூன்று மாதத்துக்கு முன் வீட்டருகே உள்ள ஜிம்மில் சேர்ந்து, வாரம் ஆறு நாளும் தவறாமல் போய் வருகிறேன். திங்கள் நெஞ்சு, செவ்வாய் முதுகு, புதன் தோள் என்று மாஸ்டர் பிரித்துக் கொடுத்திருக்கிறார். ஆனால் ஒரே பயிற்சியைச் செய்துகொண்டிருந்தால் தசை பழகிவிடும், அதைக் குழப்பிக்கொண்டே இருக்க வேண்டும் என்று சொல்லி, ஒவ்வொரு வாரமும் பயிற்சிகளை மாற்றிவிடுகிறார். இத்தனை கிலோ தூக்க வேண்டும் என்று கணக்கு எதுவும் கிடையாது; அந்த நேரத்தில் யாரும் எடுக்காமல் இருக்கும் டம்பெல்தான் எனக்கு. மறுநாள் உடம்பெல்லாம் வலிப்பதால் பயன் இருக்கிறது என்று நம்பிக்கொண்டிருந்தேன். போன வாரம் எடை பார்த்தால் 55.5 கிலோ. உடல் எடையைக் கூட்டும் என்று அங்கேயே வாங்கச் சொன்ன மாஸ் கெயினர் பவுடர் இரண்டு டப்பா தீர்ந்தும் இவ்வளவுதான்.

இறைச்சி, மீன் உண்பதில்லை, முட்டை உண்பேன். என் உடல்வாகே இப்படித்தானா, அல்லது நான் செய்யும் முறையில் பிழையா? கூடவே, டெட்லிஃப்ட் (தரையில் கிடக்கும் எடையைக் குனிந்து பிடித்துத் தூக்கி நிமிர்வது) செய்தால் முதுகு போய்விடும் என்று வீட்டில் பயப்படுகிறார்கள். அதைப் பற்றியும் அறிந்தவர்கள் சொன்னால் நன்றியுடையவனாக இருப்பேன்.

பழைய பார்பெல்:

தம்பி, உங்கள் உடல்வாகில் குறை ஒன்றும் இல்லை. வாரம் ஆறு நாள் தவறாமல் போகிறவரிடம் உழைப்புக்கும் குறைவில்லை. போன வாரம் எவ்வளவு தூக்கினீர்கள் என்பதற்கு உங்களிடம் ஒரு பதிவு இல்லை. என் பார்வையில் குறை அது ஒன்றுதான்.

தசை எதற்காக வளர்கிறது என்பதை முதலில் பார்ப்போம். நேற்றுவரை தாங்கிய பாரத்தைவிடச் சற்றே கூடுதலான பாரம் மீண்டும் மீண்டும் அதன்மேல் விழும்போதுதான், அதைச் சமாளிப்பதற்காக உடல் தசை நாரைத் தடிப்பாக்குகிறது. அந்தக் கூடுதல் நிகழ்கிறதா என்று தெரிய வேண்டுமானால் பயிற்சி மாறாமல் இருக்க வேண்டும். இந்த வாரம் டம்பெல் பிரஸ், அடுத்த வாரம் மெஷின், அதற்கடுத்த வாரம் கேபிள் என்று மாற்றிக்கொண்டே போனால் நீங்கள் ஏறுகிறீர்களா, நின்ற இடத்திலேயே நிற்கிறீர்களா என்பது உங்களுக்கும் தெரியாது, உங்கள் மாஸ்டருக்கும் தெரியாது. அதோடு, ஒரு பயிற்சி புதிதாக இருக்கும் முதல் சில வாரங்களில் பலம் கூடுவது பெரும்பாலும் நரம்புகளின் வேலை. மூளை அந்த அசைவைக் கற்றுக்கொள்கிறது. கற்று முடித்துத் தசையை நன்றாக வேலை வாங்கத் தொடங்கும் நேரத்தில் பயிற்சியை மாற்றினால், காலமெல்லாம் கற்றுக்கொண்டேதான் இருக்க வேண்டும்.

இந்த முறை நேற்று வந்ததல்ல. இரண்டாம் உலகப் போரின்போது அமெரிக்க ராணுவ மருத்துவரான தாமஸ் டிலோர்ம், சிகாகோவில் இருந்த ராணுவ மருத்துவமனை ஒன்றில், முழங்கால் காயத்தோடு வந்த வீரர்களுக்குப் படிப்படியாகக் கூட்டப்படும் கனமான எடைகளைக் கொடுத்து, கால் தசையின் பலத்தை மீட்டெடுத்தார். 1945-ல் அதை மருத்துவ இதழில் வெளியிட்டார். பத்து முறை மட்டுமே தூக்க முடிகிற எடையைக் கண்டுபிடித்து, முதல் செட்டில் (இடையில் நிறுத்தாமல் செய்யும் ஒரு சுற்று) அதில் பாதி, அடுத்ததில் முக்கால், கடைசியில் முழு எடை என்று மூன்று பத்துகளாக அவர் பின்னாளில் வகுத்த முறையைத்தான், பெயர் தெரியாமலே இன்றும் பல ஜிம்களில் செய்கிறார்கள். நம் ஊர்ப் பயிற்சிச் சாலைகளிலும் லேசான கர்லாக் கட்டையில் கை பழகிய பிறகுதான் கனமான கட்டையைத் தொட விடுவார்கள்.

நீங்கள் வாரம் மூன்று நாள் போனால் போதும். முதல் நாள் ஸ்குவாட் (கம்பியைத் தோளில் தாங்கி உட்கார்ந்து எழுவது), பெஞ்ச் பிரஸ் (பெஞ்சில் படுத்து எடையை நெஞ்சிலிருந்து மேலே தள்ளுவது), ரோயிங் (துடுப்புப் போடுவது போல எடையை உடலை நோக்கி இழுப்பது). அடுத்த முறை டெட்லிஃப்ட், ஷோல்டர் பிரஸ் (எடையைத் தோளிலிருந்து தலைக்கு மேலே தள்ளுவது), லாட் புல்டவுன் (தலைக்கு மேலே இருக்கும் மெஷின் கம்பியை மார்புவரை இழுப்பது). இப்படி மாற்றி மாற்றிச் செய்யுங்கள். ஒவ்வொன்றிலும் மூன்று செட், செட்டுக்கு 8 முதல் 12 ரெப் (ஒரு முறை தூக்கி இறக்குவது ஒரு ரெப்), செட்டுகளுக்கு இடையே முழுதாக இரண்டு மூன்று நிமிட ஓய்வு. இன்னும் ஒன்றோ இரண்டோ தூக்கலாம் என்ற நிலையில் செட்டை முடித்துவிடுங்கள். மூன்று செட்டிலும் 12 வந்துவிட்டால், அடுத்த முறை பக்கத்துக்கு 1.25 கிலோவாக மொத்தம் 2.5 கிலோ கூட்டி, மறுபடி எட்டிலிருந்து தொடங்குங்கள். பெரிய பார்பெல் கம்பியே 20 கிலோ இருக்கும். முதல் நாள் வெறும் கம்பியோடு ஸ்குவாட் செய்வதில் வெட்கப்பட எதுவும் இல்லை. டம்பெல்லில் மட்டும் ஒரு சிக்கல் உண்டு. 5 கிலோவுக்கு அடுத்தது 7.5 என்றிருந்தால் அது ஒரேயடியாகப் பாதிப் பங்கு உயர்வு. அங்கே 15 ரெப் வரை ஏறிய பிறகே அடுத்த டம்பெல்லுக்குப் போங்கள்.

ஒரு நாற்பது பக்க நோட்டு வாங்குங்கள். தேதி, பயிற்சி, எடை, மூன்று செட்டின் ரெப்புகள். என் பழைய நோட்டுகளில் வியர்வை பட்டு மை கலைந்த பக்கங்கள் உண்டு, ‘ஸ்குவாட் 42.5 – 10, 9, 8’ என்று அதில் படிக்கும்போது, அடுத்து என்ன செய்ய வேண்டும் என்பதற்கு வேறு யாரையும் கேட்க வேண்டியிருந்ததில்லை.

யாராவது ஊசி, மாத்திரை என்று காதோரம் பேச வந்தால், அந்தப் பக்கமே போகாதீர்கள். ஸ்டெராய்டு உடலின் சொந்த ஹார்மோன் சுரப்பை அடக்கிவிடும். இதயத்தையும் கல்லீரலையும் கெடுக்கும். என்னோடு பயிற்சி செய்த ஒருவர் அதனால் பட்ட பாட்டை அருகிலிருந்து பார்த்தவன் என்பதால் இதை அழுத்தமாகச் சொல்கிறேன்.

மூட்டும் தசையும்:

நான் பிசியோதெரபிஸ்ட்டாக இருக்கிறேன். டெட்லிஃப்ட் பற்றிய பயத்துக்கு மட்டும் பதில் சொல்கிறேன்.

தரையிலிருந்து கேஸ் சிலிண்டரையோ தண்ணீர்க் குடத்தையோ தூக்குகிற எல்லோரும் டெட்லிஃப்ட்தான் செய்கிறார்கள், யாரும் சொல்லிக் கொடுக்காமலே. முறையாகக் கற்று, சிறிய எடையில் தொடங்கினால், முதுகைத் தாங்கும் தசைகள் அதனால் வலுப்படத்தான் செய்யும். கற்பதற்கு ஒரு துடைப்பக் கட்டை போதும். கட்டையை முதுகோடு சேர்த்து, பின்னந்தலை, தோள்பட்டைகளுக்கு நடுப்பகுதி, இடுப்பின் கீழ் எலும்பு ஆகிய மூன்று இடங்களிலும் படுமாறு பிடித்துக்கொள்ளுங்கள். முழங்காலைச் சற்றே தளர்த்தி, பின்னால் இருக்கும் கதவைப் பிட்டத்தால் தள்ளிச் சாத்துவது போல இடுப்பைப் பின்னுக்குக் கொண்டுபோய்க் குனியுங்கள். எந்த இடத்தில் கட்டை உடம்பை விட்டு விலகுகிறதோ, அங்கே முதுகு வளைகிறது என்று பொருள். மூன்று இடமும் விலகாமல் இருபது முறை குனிந்து நிமிர முடிகிற நாளில் கம்பியைத் தொடலாம். தூக்கும்போது கம்பி காலை உரசிக்கொண்டே மேலே வர வேண்டும். முன்னால் விலகினால் பாரம் கீழ்முதுகில் இறங்கும். ஸ்குவாட்டில் குதிகால் தரையை விட்டு எழும்புகிறதா என்று யாரையாவது பார்க்கச் சொல்லுங்கள்.

வலியைப் பற்றியும் ஒரு சொல். புதிய அசைவு எதைச் செய்தாலும் ஒரு நாளிலிருந்து மூன்று நாள் வரை தசையில் மந்தமான வலி இருக்கும். அது வளர்ச்சிக்கு அடையாளமல்ல. ஒவ்வொரு வாரமும் பயிற்சி மாறுவதாலேயே உங்களுக்கு வலி ஓயவில்லை என்று நினைக்கிறேன். தூக்கும்போதே மூட்டில் சுருக்கென்று குத்துவதும், முதுகிலிருந்து காலுக்கு மின்சாரம் போல இறங்குவதும் வேறு. அப்படி வந்தால் அன்றே நிறுத்திவிட்டு மருத்துவரைப் பாருங்கள்.

அடுக்களைக் கணக்கு:

தம்பி, பயிற்சியை மேலே இருவரும் சொல்லிவிட்டார்கள். ஆனால் செங்கல் இல்லாமல் கொத்தனாரால் சுவர் எழுப்ப முடியாது.

காலையில் நான்கு இட்லி, மதியம் சோறு, சாம்பார், பொரியல், தயிர், மாலையில் டீயும் வடையும், இரவில் மூன்று தோசை என்று வைத்துக்கொள்வோம். வயிறு நிறைந்துவிடும், ஆனால் புரதம் 40 கிராமைச் சுற்றித்தான் இருக்கும். எடைப் பயிற்சி செய்பவருக்கு உடல் எடையில் கிலோவுக்கு 1.6 கிராம் அளவில் புரதம் வேண்டும். உங்களுக்கு 88 கிராம். மீதி 48 கிராமை அடுக்களையிலேயே தேடலாம். மூன்று முட்டையில் 18 கிராம், அரை லிட்டர் பாலில் 16, உலர்ந்த நிலையில் 50 கிராம் எடுத்துச் சமைத்த சோயா உருண்டையில் 25-க்கு மேல். சோயா பிடிக்காத நாளில் ஒரு கிண்ணம் கொண்டைக்கடலைச் சுண்டலும் ஒரு கைப்பிடி வறுத்த நிலக்கடலையும், பனீர் கிடைத்தால் அதுவும். சாம்பாரைத் தெளிவாக ஊற்றிக்கொள்ளாமல் அடியில் தங்கும் பருப்போடு சேர்த்து ஊற்றிக்கொள்ளச் சொல்லி என் மகனிடம் நான் தினமும் மன்றாடுகிறேன், உங்களுக்கும் அதையே சொல்கிறேன்.

மாஸ் கெயினர் டப்பாவின் பின்பக்கத்தைப் படித்துப் பாருங்கள். பெரும்பகுதி மாவுச்சத்துதான், அதற்கு இரண்டு வாழைப்பழமும் பாலும் போதும். மாதம் ஏறக்குறைய ஒரு கிலோ ஏறினால் சரியான வேகம். அதற்கு மேல் ஏறினால் வயிற்றில்தான் சேரும். பவுடர் வகையில் நன்கு ஆராயப்பட்டது கிரியேட்டின் மோனோஹைட்ரேட். நாளுக்கு 3 முதல் 5 கிராம். அதை எடுப்பவர்களுக்கு ரத்தப் பரிசோதனையில், சிறுநீரகம் சரியாக வேலை செய்கிறதா என்று பார்க்க அளக்கும் கிரியேட்டினின் அளவு சற்றுக் கூடித் தெரியலாம் என்பதால் மருத்துவரிடம் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். சிறுநீரகக் கோளாறு இருப்பவர்கள் மருத்துவரைக் கேட்காமல் கிரியேட்டினும் எடுக்கக் கூடாது, புரதத்தையும் கூட்டக் கூடாது. இரவு ஏழெட்டு மணி நேரத் தூக்கத்தையும் உணவோடு சேர்த்தே எண்ணுங்கள்.

நொய்யல்கரை:

எட்டு வாரம் கழித்து எழுதுகிறேன். மூவருக்கும் மனமார்ந்த நன்றி. ஸ்குவாட் வெறும் கம்பியில் தொடங்கி 40 கிலோவுக்கு வந்திருக்கிறது. துடைப்பக் கட்டையோடு பத்து நாள் குனிந்து பழகிய பிறகே டெட்லிஃப்ட் தொடங்கினேன். அதில் இப்போது 50. உடல் எடை 57.2 கிலோ. மாஸ்டரிடம் நோட்டைக் காட்டினேன். கொஞ்ச நேரம் புரட்டிப் பார்த்துவிட்டு, இதையே தொடரச் சொன்னார். ஷோல்டர் பிரஸ் மட்டும் நகரவில்லை. 20 கிலோவில் மூன்று செட்டும் 12 வந்தது. 22.5-ல் மூன்று முறையாக 8, 6, 5-லேயே நிற்கிறது. என்ன செய்யலாம், அண்ணா?

பழைய பார்பெல்:

மிகவும் மகிழ்ச்சி, தம்பி. தோள் சிறிய தசை. 40 கிலோ ஸ்குவாட்டில் 2.5 கிலோ கூட்டுவது பதினாறில் ஒரு பங்குதான். 20 கிலோ ஷோல்டர் பிரஸ்ஸில் அதே 2.5 எட்டில் ஒரு பங்கு. அங்கே எடையைப் பார்க்காமல் மொத்த ரெப்பை எண்ணுங்கள். இப்போது 19 இருக்கிறது. அடுத்த முறை 20, அதற்கடுத்து 21 என்று 30 வரும்வரை 22.5-ஐ விட்டு நகர வேண்டாம். இரண்டு வாரம் அப்படியும் ஏறாவிட்டால் 20-க்கு இறங்கி 15 ரெப் வரை கட்டிக்கொண்டு திரும்பி வாருங்கள். அரைக் கிலோ பிளேட் ஒரு ஜோடி விளையாட்டுப் பொருள் கடையில் கிடைத்தால் வாங்கிப் பையிலேயே வைத்துக்கொள்ளுங்கள். ஷோல்டர் பிரஸ்ஸுக்கு அது மிகவும் உதவும்.