அத்தைக்கு முதியோர் இல்லம் பார்க்கிறோம், விவரம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்

வணக்கம். தர்மபுரியில் தனியாக இருக்கும் எங்கள் அத்தைக்கு 74 வயது. சர்க்கரை, முழங்கால் வலி இரண்டும் உண்டு. கிருஷ்ணகிரி பக்கம் பன்னிரண்டு பேர் மட்டும் தங்கும் ஒரு சின்ன இல்லத்தைப் போன வாரம் பார்த்துவிட்டு வந்தோம்.

மதியம் கேழ்வரகுக் களியும் கீரைக் கடைசலும் போட்டார்கள். பல் இல்லாத ஒரு பாட்டிக்குச் சமையல்கார அம்மா களியைச் சின்னச் சின்னதாகக் கிள்ளி, கீரையில் தோய்த்துக் கொடுத்தார். அதைப் பார்த்ததுமே அத்தைக்கு இடம் பிடித்துவிட்டது.

எனக்குத்தான் மனம் ஒப்பவில்லை. குளியலறைக் கைப்பிடியைப் பிடித்துப் பார்த்தேன், ஆடியது. தரை வழுவழு டைல்ஸ். நர்ஸ் பகலில் மட்டும். ராத்திரி சர்க்கரை இறங்கினால் யார் பார்ப்பார்கள் என்றதற்கு, "வாட்ச்மேன் இருக்காருங்க" என்றார்கள்.

முன்பணம் இரண்டு லட்சம். பிடிக்காமல் வெளியே வந்தால் திரும்பக் கிடைக்குமா? ஒப்பந்தத்தில் என்னென்ன எழுதி வாங்க வேண்டும்? படுத்த படுக்கையானால் வைத்துக்கொள்வார்களா என்பதை எப்படிக் கேட்பது? மூத்த குடிமக்கள் உதவி எண் 14567-இல் இல்லங்களைப் பற்றி விசாரித்தவர்கள் இருக்கிறீர்களா? அப்புறம், பெற்றோரை இப்படிச் சேர்த்த அனுபவம் உள்ளவர்கள் தயவுசெய்து எழுதுங்கள். மாதக் கடைசிக்குள் பதில் சொல்ல வேண்டும்.