லம்பத்து மீனும் அலுவலகச் சீட்டும்

குழு: சுங்கை சிப்புட் சொந்தங்கள்

பெரியப்பா, காலை 6:40
நம் மீன் குளத்தில், அந்தப் பழைய ஈய லம்பத்தில், இன்றும் 17 திலாப்பியா மீன் மிதக்கிறது. கண் வெளுத்துப் பிதுங்கியிருக்கிறது, விலாவில் தோல் உரிந்து சிவந்திருக்கிறது. கடையில் ஆன்டிபயாட்டிக் தூள் கொடுத்தார்கள். கரைக்கட்டுமா?

மாலதி, 6:43
வேண்டாம் பெரியப்பா! அது பாக்டீரியாவைத்தான் கொல்லும். எனக்கு வைரஸ் மேல்தான் சந்தேகம். திலாப்பியா ஏரி வைரஸ் என்று 2014இல் இஸ்ரேலில் அடையாளம் கண்டார்கள். 2017இல் நம் மலேசியாவிலும் தென்பட்டது.

அத்தை, 6:45
மீனுக்கு எதிர்ப்புச் சக்தி கிடையாதாம்மா?

மாலதி, 6:52
இருக்கிறது அத்தை, என் படிப்பே அதுதான். பெரியப்பாவுக்குத் தோட்டத்தில் காலையில் ஆட்கள் கூடும் பிரட்டுக் களம் நினைவிருக்கும். அலுவலகச் சீட்டு வேலை வாங்கும் மண்டோர் கைக்கு வந்தால்தான் ஆட்கள் மர நிரைக்குப் போவார்கள். செல்லுக்குள்ளும் மரபணு சீட்டு அனுப்புகிறது; அந்தச் சீட்டு ஆர்.என்.ஏ. என்ற மூலக்கூறு. அதைப் படித்துத்தான் புரதம் தயாராகிறது. மைக்ரோ ஆர்.என்.ஏ. என்பது சுமார் 22 எழுத்து நீளமே உள்ள ஆர்.என்.ஏ. துணுக்கு. சீட்டில் தனக்குப் பொருந்தும் இடத்தில் ஒட்டிக்கொண்டு படிக்கவிடாது.

பெரியப்பா, 6:54
ஒட்டுவது நல்லதா, கெட்டதா?

மாலதி, 7:01
அளவோடு இருந்தால் நல்லது. எதிர்ப்பு மிதமிஞ்சினால் மீனின் உடலையே அது பாழாக்கும், அதற்குத்தான் இந்தக் கடிவாளம். வைரஸ் அந்தக் கடிவாளத்தையே பிடித்துக்கொள்கிறது! சீனாவில் நம் கெலாமா கடல்மீன் குடும்பத்து மீன் ஒன்றில் பார்த்தார்கள். ராப்டோவைரஸ் என்ற வேறொரு வைரஸ் தொற்றியதும் மிர்-3570 என்ற மைக்ரோ ஆர்.என்.ஏ. பெருகி, மேவ்ஸ் என்ற புரதத்தின் சீட்டில் ஒட்டுகிறது. அபாயச் செய்தியைக் கடத்துவதே மேவ்ஸ்தான். அது குறைந்தால் வைரஸை எதிர்க்கும் இன்டர்ஃபெரான் புரதம் குறைகிறது, வைரஸ் தழைக்கிறது.

ரவி, 7:02
2024இல் ஆம்ப்ரோஸ், ருவ்கன் இருவருக்கும் நோபல் மைக்ரோ ஆர்.என்.ஏ.வைக் கண்டுபிடித்ததற்குத்தானே?

மாலதி, 7:06
ஆமாம் அண்ணா, முதலில் ஒரு சிறு புழுவில் கண்டது, 1993இல். மீனும் சும்மா இருப்பதில்லை. அதே கெலாமா இனத்தில் வட்ட வடிவ ஆர்.என்.ஏ. ஒன்று, மேவ்ஸ் சீட்டில் ஒட்டும் மிர்-21 வகைத் துணுக்கைத் தன்மேல் ஒட்டவைத்துக்கொள்கிறது. மேவ்ஸ் சீட்டு தப்பிக்கிறது. அதைப் படித்த இரவு எனக்குத் தூக்கமே வரவில்லை.

பெரியப்பா, 7:08
இப்போது நான் என்ன செய்ய?

மாலதி, 7:11
செத்ததை விட்டுவிட்டு, தள்ளாடுவதைப் பிடியுங்கள். செத்த மீனில் ஆர்.என்.ஏ. சீக்கிரம் சிதைந்துவிடும், சோதனைக்கு உதவாது. தண்ணீரை வாய்க்காலில் திறந்துவிடாதீர்கள், கீழே இன்னும் இரண்டு குளங்கள் இருக்கின்றன. மீன்வளத் துறையை நான் அழைக்கிறேன்.

பெரியப்பா, 7:26
வாளியில் நான்கு இருக்கிறது. ஒன்று வாயை மட்டும் அசைக்கிறது. சீக்கிரம் வாம்மா.