மறு: ஐடிசி, டிஎஸ்சி – தமிழில் என்ன சொல்லலாம்?

குழுவினருக்கு வணக்கம். புரதத்தில் வெப்பத்தை அளக்கும் இரு சோதனைகளான ஐடிசி (ஐசோதெர்மல் டைட்ரேஷன் கலோரிமெட்ரி), டிஎஸ்சி (டிஃபரென்ஷியல் ஸ்கேனிங் கலோரிமெட்ரி) இரண்டுக்கும் நம் கலைச்சொல் பட்டியலில் ஐயா தந்த பெயர்கள் இவை:

> ஐடிசி – சமவெப்பத் தரம்பார்ப்புக் கலோரியளவியல்
> டிஎஸ்சி – வகையீட்டு அலகிடு கலோரியளவியல்

ஐயா முன்வைத்த இரண்டையும் இங்கே கும்பகோணத்தில் என் முதுகலை மாணவர்களிடம் சொல்லிப் பார்த்தேன். பெரும்பாலும் பாபநாசம், வலங்கைமான் பக்கத்துப் பிள்ளைகள், பள்ளியில் தமிழ்வழி படித்தவர்கள். ‘கலோரியளவியல்’ உடனே ஒட்டிக்கொண்டது. முன்னால் வரும் அடைமொழிகள்தான் அவர்களை வேறு எங்கோ கொண்டுபோய்விட்டன.

‘சமவெப்பம்’ என்பதை எடுத்துக்கொள்ளுங்கள். ஐடிசி-யில் மாறாமல் இருப்பது வெப்பநிலை. வெப்பம் துளிக்குத் துளி மாறுகிறது. அதை அளக்கத்தானே கருவி! ஒரு கலத்தில் புரதக் கரைசல், பக்கத்துக் கலத்தில் வெறும் நீர். ஊசிக்குழலில் இருக்கும் மருந்து மூலக்கூறைச் சில மைக்ரோலிட்டர் அளவில் புரதத்துக்குள் விடுகிறோம். இரண்டும் சேரும்போது வெப்பம் வெளிவந்தால், கருவி அந்தக் கலத்துக்குக் கொடுக்கும் மின்திறனைக் குறைத்து இரு கலங்களையும் ஒரே வெப்பநிலையில் வைத்துக்கொள்கிறது. எவ்வளவு குறைத்தது என்பதே வரைபடத்தில் நமக்குக் கிடைக்கும் முகடு. முதல் சில துளிகளுக்கு முகடு உயரமாக இருக்கும். புரதத்தில் இடம் நிரம்ப நிரம்பச் சிறுத்துக்கொண்டே போய், கடைசியில் கரைசல் நீர்த்துப்போவதால் வரும் சிறு வெப்பம் மட்டும் மிஞ்சும். இந்த ஒரே சோதனையில் பிணைப்பு மாறிலி (எவ்வளவு இறுக்கமாகப் பிடிக்கிறது), என்தால்பி (பிடிக்கும்போது வெளிவரும் அல்லது உள்ளே போகும் வெப்பம்), ஒரு புரதத்துக்கு எத்தனை மூலக்கூறு என்ற விகிதம் மூன்றும் கிடைத்துவிடும். (குழலிலும் கலத்திலும் தாங்கல் கரைசல், அதாவது அமிலத்தன்மை மாறாமல் பார்த்துக்கொள்ளும் பஃபர், ஒன்றாக இல்லாவிட்டால் நீர்த்தல் வெப்பமே எல்லாவற்றையும் மூடிவிடும். புதிதாக வருகிறவர்கள் மாட்டிக்கொள்வது இங்கேதான்.)

‘தரம்பார்த்தல்’ என்றதும் பிள்ளைகள் பியூரெட்டையும் நிறம் மாறும் புள்ளியையும் நினைக்கிறார்கள். அங்கே தெரியாத செறிவைத் தேடுகிறோம். இங்கே இரண்டு செறிவும் முன்பே தெரியும். நிரம்பிய பிறகும் துளி விட்டுக்கொண்டே போகிறோம்.

டிஎஸ்சி-க்கு ‘வகையீட்டு’ வேண்டவே வேண்டாம். அது நுண்கணிதச் சொல். இங்கே இருப்பது இரு கலங்களுக்கு இடையிலான வேறுபாடு: ஒன்றில் புரதம், மற்றதில் தாங்கல் கரைசல் மட்டும். இரண்டையும் நிமிடத்துக்கு 1 டிகிரி போலச் சீராகச் சூடேற்றுகிறோம். மடிந்து கிடக்கும் புரதச் சங்கிலியின் மடிப்புக் கலையும் இடத்தில் புரதக் கலம் கூடுதல் வெப்பம் கேட்கும், முகடு எழும். கோழிமுட்டையில் இருக்கும் லைசோசைம் என்ற புரதத்துக்கு நடுநிலைக் கரைசலில் இது ஏறத்தாழ 75 டிகிரியில் வரும். மருந்து மூலக்கூறு பிடித்துக்கொண்ட புரதத்தில் முகடு பெரும்பாலும் இன்னும் மேலே நகரும். ஆக, பிணைப்பைப் பற்றியும் இந்தக் கருவி பேசும்.

இப்படிப் புரதத்தின் மடிப்புக் கலைவதற்கு முன்வைத்த ‘மடிப்பவிழ்தல்’ தவறில்லை. ஆனாலும் மடிப்பு கலையாத வேட்டி என்று நாம் சொல்லும் பேச்சே கையில் இருக்கும்போது ‘மடிப்புக்கலைவு’ போதுமே. ‘இயல்பிழத்தல்’ (டினேச்சுரேஷன்) இன்னும் அகலமான சொல். அதை இதற்குச் செலவழிக்க வேண்டாம்.

புரதம் மட்டும் இல்லை, அரிசி மாவையும் டிஎஸ்சி-யில் வைக்கிறார்கள். பச்சரிசி மாவில் நீர்விட்டுச் சூடேற்றினால் 60–80 டிகிரி வாக்கில் மாவுச்சத்து குழையும் முகடு வரும். எந்த ஏடிடி (ஆடுதுறை) நெல் ரகம் என்பதைப் பொறுத்து முன்பின் நகரும். புழுங்கலரிசியில் அந்த முகடு இருக்காது, அல்லது மிகவும் சிறுத்திருக்கும். அண்டாவில் நெல் அவிந்து உமி வாய் பிளந்தபோதே குழைய வேண்டியது குழைந்தாயிற்று. இதைச் சொன்னதும் வகுப்பில் ஒரு பெண், “அப்போ டிஎஸ்சி-ன்னா சூடேத்திப் பாக்குறதுதானே மேடம்?” என்றாள்.

அதையே எடுத்துக்கொண்டேன். என் பரிந்துரை:

ஐடிசி – துளியேற்றுக் கலோரியளவியல்
டிஎஸ்சி – சூடேற்றுக் கலோரியளவியல்

‘வேறுபாடு’ விட்டுப்போகிறதே என்று கேட்பீர்கள். ஐடிசி-யிலும் ஒப்பீட்டுக் கலம் உண்டு, ஆனால் அதன் ஆங்கிலப் பெயரில் வேறுபாடு என்ற சொல்லே கிடையாது. அதனால் யாரும் குழம்பவில்லை. குளிர்வித்துக்கொண்டே அளப்பதும் உண்டு என்பது சரிதான். புரத வேலையில் அது அபூர்வம்.

அப்புறம், புரதமும் மருந்தும் சேர்வதற்கு நாம் சொல்லும் ‘பிணைப்பு’. அது சகப்பிணைப்போடு மோதுகிறது என்று குழுவில் தோழி ஒருவர் சொன்னது நியாயம். பிடிப்பதும் விடுவதுமாக இருக்கும் உறவுக்குப் ‘பற்றுதல்’ பொருந்தும், ‘பற்று மாறிலி’ என்றே எழுதலாம். ஆனால் லிகண்டை, அதாவது புரதத்தைப் பற்றும் மூலக்கூறை, ‘பற்றி’ ஆக்கிவிடாதீர்கள், பிறகு ‘பற்றியைப் பற்றி’ என்று கட்டுரை எழுத வேண்டிவரும். ‘பற்றுபொருள்’ இருக்கட்டும். லிகண்டுக்கு ஏற்கெனவே இருக்கும் ‘ஈனி’ அணைவுச் சேர்மங்களோடு நிற்கட்டும்.

டிஎஸ்சி முகட்டு வெப்பநிலையை ‘உருகுநிலை’ என்று பட்டியலில் போட்டிருக்கிறீர்கள் ஐயா. அங்கே எதுவும் உருகுவதில்லை, எளிய புரதங்களில் பாதி மூலக்கூறுகள் கலைந்திருக்கும், அவ்வளவுதான். ‘பாதிக்கலைவு வெப்பநிலை’ என்று மாற்றலாமா?