ஸ்காட்லாந்து காட்டுப்பூனை: 0.75 என்று கோடு கிழிப்பது சரியா?

கானகன்: 2023-இல் கெய்ர்ன்கார்ம்ஸ் மலைப்பகுதியில் 19 காட்டுப்பூனைகளை விட்டார்கள், மகிழ்ச்சி. ஆனால் வீட்டுப்பூனையோடு கலந்ததா என்று கண்டுபிடிக்கும் சோதனையில் எனக்கு உடன்பாடில்லை. 35 மரபணுக் குறியீடுகளை, அதாவது இரண்டு பூனைகளுக்கும் மரபணுவில் வேறுபடும் இடங்களைப் பார்த்து மதிப்பெண் போடுகிறார்கள். முழுக் காட்டுப்பூனைக்கு 1, வீட்டுப்பூனைக்கு 0. காப்பக இனப்பெருக்கத்துக்கு 0.75-ஆவது வேண்டுமாம். 0.74 வாங்கிய பூனையும் அதே முயலைத்தானே பிடிக்கிறது?

தாரணி: சோதனை இல்லாமல் எதை வைத்துப் பிரிப்பீர்கள்? உடல் அடையாளங்கள் ஏழு இருக்கின்றன. முதுகுக்கோடு வாலின் அடியிலேயே நின்றுவிட வேண்டும், வால்நுனி மழுங்கலாகக் கறுத்திருக்க வேண்டும், இப்படி. கலப்புப் பூனைகள் சில இதில் தேறிவிடும். தாயிடமிருந்து மட்டுமே வரும் மைட்டோகாண்ட்ரியா மரபணுவை மட்டும் பார்த்தால் தாய்வழிதான் தெரியும். தகப்பன் வீட்டுப்பூனையாக இருந்தால் சொல்லாது.

கானகன்: சரி, 35 குறியீடு போதுமா? கணக்குப் போடுங்கள். முதல் கலப்பில் 35-லும் வீட்டுப்பூனையின் தடம் இருக்கும். அந்தக் குட்டிகள் காட்டுப்பூனையோடே சேர்ந்துகொண்டு போனால் தலைமுறைக்குத் தலைமுறை அது பாதியாகும். ஐந்தாவது முறையில் சராசரியாக ஒன்றே ஒன்று மிஞ்சும். அதை வைத்துத் தீர்ப்பு எழுத முடியாது. 2023 முழுமரபணு ஆய்வில் இன்னொன்றும் தெரிந்தது: நோய் எதிர்ப்போடு தொடர்புள்ள பகுதியில் வீட்டுப்பூனை மரபணு நிலைத்திருக்கிறது. அது அந்தப் பூனைகளைக் காப்பாற்றுகிறதோ என்னவோ! அதையும் சேர்த்துக் களைந்துவிடுவீர்களா?

தாரணி: பழைய கலப்பை 35 பிடிக்காது, உண்மை. அதற்குத்தான் முழுமரபணு வாசிப்பு. அண்மைக் கலப்பைச் சல்லடை போட 35 தாராளம். எதிர்ப்பு மரபணு விஷயம் யோசிக்க வேண்டியதுதான்; ஆனால் நீங்கள் சொன்ன அதே காலகட்ட ஆய்வுகளைக் கடைசிவரை படியுங்கள். ஏறக்குறைய 2000 ஆண்டுகள் காட்டுப்பூனையும் வீட்டுப்பூனையும் ஒரே பிரிட்டன் தீவில் இருந்தும் பெரிதாகக் கலக்கவில்லை. 1950-களுக்குப் பிறகுதான் வெள்ளம்போல் கலப்பு. வேட்டையாடியும் காட்டை அழித்தும் துணை கிடைக்காமல் செய்தது மனிதர்கள். இதை இயற்கையின் போக்கு என்று விட்டுவிடச் சொல்கிறீர்களா? காட்டில் எஞ்சிய கூட்டம் இனித் தானாகப் பிழைக்காது என்று 2019-லேயே அறிவித்துவிட்டார்கள்.

சேது: இருவரும் கோட்டைப் பற்றியே பேசுகிறீர்கள். விட்ட இடத்தைச் சுற்றி வீட்டுப்பூனைகளுக்குக் கருத்தடை செய்யாவிட்டால், 0.99 பூனையை விட்டாலும் இரண்டே தலைமுறையில் மறுபடி கலப்புதான். காப்பகத்துக்கு ஆகும் செலவில் ஒரு பங்கை அதற்கு ஒதுக்கச் சொல்லிக் கேளுங்கள்.

கானகன்: சேது சொல்வதை ஏற்கிறேன். 0.75-ஐ இன்னும் ஏற்கவில்லை.