6 மிமீ கார்பைடு எண்ட் மில் ஒரே சாயங்காலத்தில் மூணு உடைஞ்சது: சரக்கு போலியா, என் தப்பா?

துடியலூர் பட்டறை:

எல்லாருக்கும் வணக்கமுங்க. வீட்டுக்குப் பின்னாடி தகர ஷெட்டுல சின்ன மில்லிங் மெஷின் வச்சிருக்கேன். செகண்ட் ஹேண்டுல வாங்கின சீன மேசை மெஷின், எம்டி3 டேப்பர் (கூம்பு ஓட்டை) ஸ்பிண்டில், 2,500 ஆர்பிஎம் வரைக்கும் போகும். இத்தனை நாளா எச்எஸ்எஸ் (ஹை ஸ்பீடு ஸ்டீல்) கட்டர்தான் ஓட்டினேன். சிங்கப்பூர்ல இருக்கிற மச்சான் லீவுக்கு வர்றப்போ, ஆன்லைன்ல பத்து கார்பைடு எண்ட் மில் (டங்ஸ்டன் கார்பைடுல செஞ்ச, சுத்திக்கிட்டே பக்கவாட்டுல வெட்டுற கட்டர்) வாங்கிட்டு வந்து கொடுத்தார். 6 மிமீ, நாலு ஃப்ளூட் (பல்லுக்குப் பக்கத்துல ஓடுற சுருள் பள்ளம்), கறுப்புக் கோட்டிங், டப்பா மேல எச்ஆர்சி 45னு போட்டிருக்கு. ஒண்ணு 160 ரூபாய் அடக்கம். இங்க கடையில பேர் உள்ள பிராண்டு கேட்டா மூணு மடங்குக்கு மேல சொன்னாங்க.

ஞாயித்துக்கிழமை வெட் கிரைண்டர் மோட்டாருக்கு பிராக்கெட் போட்டேன். 10 மிமீ எம்எஸ் (மைல்டு ஸ்டீல்) பிளேட், பெல்ட் இறுக்க 8.5 மிமீ அகலத்துல நீள ஸ்லாட். முதல் கட்டர் 20 மிமீ தூரம்கூடப் போகல, 'டிக்'னு ஒரு சத்தம். ஷாங்க் (கட்டரோட பிடி) சக்குலயே நிக்குது, முனை ஸ்லாட்டுக்குள்ள கிடக்குது. ரெண்டாவதுல ரெண்டு பல்லோட மூலை பெயர்ந்துருச்சு. மூணாவதை ஸ்லாட் அகலப்படுத்துறப்போ உடைச்சேன். 480 ரூபாய் ஒரு மணி நேரத்துல போனது மனசுக்குக் கஷ்டமா இருக்குங்க. மிச்சம் ஏழைத் தொடவே பயமா இருக்கு.

இது கார்பைடுதானா, இல்ல ஏமாத்திட்டாங்களா? எப்படிச் சோதிக்கிறது? லேத்துக்கு இன்செர்ட்டும் (மாத்திப் போடுற சின்ன கார்பைடு முனை) அதைப் பிடிக்கிற ஹோல்டரும் அதே மாதிரி வாங்கலாம்னு இருந்தேன், அதை நிறுத்திடட்டுமா?

டூல்ரூம் பெரியவர்:

தம்பி, சரக்கைக் குறை சொல்றதுக்கு முன்னாடி நாலு விஷயம் சொல்லுங்க. கட்டரை எதுல பிடிச்சீங்க? "சக்குலயே நிக்குது"னு எழுதியிருக்கீங்க, அது டிரில் சக்கா? ஒரு பாஸ்ல (ஒரு ஓட்டத்துல) எவ்வளவு டெப்த் இறக்குனீங்க? அகலப்படுத்துறப்போ டேபிள் எந்தப் பக்கம் போச்சு? நாலாவது, அந்த ஸ்லாட்டோட ஆழத்தை ஆரம்பத்துலயும் முனை ஒடிஞ்ச இடத்துலயும் டெப்த் கேஜ் வச்சு அளந்து போடுங்க. ஜாப் இன்னும் வைஸ்ல இருந்தா கழட்டாதீங்க.

துடியலூர் பட்டறை:

ஆமாங்க ஐயா, டிரில் சக்குதான். மெஷினோட வந்தது அது ஒண்ணுதான். எச்எஸ்எஸ் கட்டரையும் அதுலதான் பிடிச்சுட்டிருந்தேன், பெருசா தொந்தரவு இல்ல. டெப்த் 3 மிமீ. வேகம் 2,000. அகலப்படுத்துறப்போ எந்தப் பக்கம்னு கவனிக்கலைங்க, ரெண்டு பக்கமும் ஓட்டினேன்.

அளந்தேன். ஆரம்பத்துல 3.0, உடைஞ்ச இடத்துல 3.7. கட்டரை ஏத்தி இறக்குற இசட் கைப்பிடியை நான் தொடவே இல்லைங்க.

டூல்ரூம் பெரியவர்:

அந்த 0.7 மிமீதான் உங்க கேள்விக்குப் பதில். எண்ட் மில்லோட சுருள், சிப்பை (வெட்டின துருவலை) மேல தள்ளும். அதே விசையில கட்டர் தன்னைத்தானே கீழ இழுத்துக்கும். டிரில் சக் அதோட மூணு ஜாலயும் (பிடிக்கிற தாடை) மூணு கோட்டுலதான் தொடுது. டிரில் பிட்டுக்கு அது போதும், டிரில் போடுறப்போ விசை மேல நோக்கித்தான் வரும். எண்ட் மில்லுக்குக் கீழ இழுப்பு, பக்கவாட்டு உதை ரெண்டும் சேர்ந்து வருது. கார்பைடு ஷாங்க் கண்ணாடி மாதிரி வழவழன்னு, சக்கு ஜாவை விடக் கடினமா இருக்கும். ஜா அதைக் கடிக்காது. நழுவி இறங்கும், டெப்த் ஏறும், ஒடியும்.

எச்எஸ்எஸ்ல ஏன் தெரியலன்னா, அது வளைஞ்சு கொடுக்கும். கார்பைடு வளையாது, நேரா முறியும். ஆட்டத்தைப் பொறுக்காத உலோகம் அது. இன்னொரு ஆபத்தும் இருக்கு. பக்கவாட்டு உதையில டிரில் சக்கே அதோட டேப்பர்ல இருந்து கழண்டு சுத்திக்கிட்டே விழும். அதைக் கண்ணால பார்த்திருக்கேன். இனி எண்ட் மில்லை அதுல மாட்டாதீங்க, எச்எஸ்எஸ்ஸாவே இருந்தாலும்.

இப்போ ஒரு புது கட்டரை அதே சக்குல மாட்டி, ஷாங்க் மேல டயல் கேஜ் வச்சு, கையால ஒரு சுத்து சுத்தி, ஆட்டம் எத்தனை மிமீன்னு பாருங்க.

துடியலூர் பட்டறை:

0.12 வருதுங்க. கழட்டி மறுபடி மாட்டினா 0.09. ஒவ்வொரு தடவையும் வேற வேற.

டூல்ரூம் பெரியவர்:

சரி, கணக்குப் போடுங்க. 6 மிமீ கட்டருக்கு எம்எஸ்ல ஒரு பல்லுக்கு 0.02 மிமீ ஃபீட் (முன்னேறுற தூரம்)னு வச்சா, நாலு பல்லுக்கு ஒரு சுத்துக்கு 0.08. உங்க ஆட்டம் 0.12. அப்போ வெளிய தள்ளி நிக்கிற ஒரு பல்லே கிட்டத்தட்ட மொத்தத்தையும் வெட்டுது, எதிர்ப்பக்கத்துப் பல் இரும்பைத் தொடவே தொடாது. ரெண்டாவது கட்டர்ல மூலை பெயர்ந்ததுக்கு இதுதான் காரணம். விலை உயர்ந்த கட்டர் போட்டிருந்தாலும் பெயர்ந்திருக்கும்.

மூணாவது உடைஞ்சது வேற கதை. பல் எந்தத் திசையில வெட்டிட்டுப் போகுதோ அதே திசையில ஜாப்பும் போனா, கட்டர் டேபிளைத் தன் பக்கம் இழுக்கும். உங்க டேபிள் ஸ்க்ரூவுல பேக்லாஷ் (ஸ்க்ரூவுக்கும் நட்டுக்கும் நடுவுல இருக்கிற இடைவெளி) எவ்வளவு? 0.3 இருந்தா, டேபிள் ஒரே குதியா 0.3 முன்னாடி போகும். 0.02 தின்ன வேண்டிய பல்லுக்கு அது பதினஞ்சு மடங்கு. பேக்லாஷ் உள்ள மெஷின்ல எப்பவும் பல் வர்ற திசைக்கு எதிரா ஜாப்பை ஓட்டணும்.

மினியேச்சர் இன்ஜின்:

பெரியவர் சொன்னதோடு, கார்பைடா இல்லையா என்ற உங்கள் சந்தேகத்துக்கும் வீட்டிலேயே விடை இருக்கிறது. நான் சென்னையில் கை அளவு நீராவி இன்ஜின்கள் செய்பவள். எந்தப் பொட்டலம் வந்தாலும் முதலில் தராசில்தான் வைப்பேன். கார்பைடின் அடர்த்தி ஒரு கன சென்டிமீட்டருக்கு 14.5 கிராம் அளவில் இருக்கும். எச்எஸ்எஸ் 8 கிராம் சொச்சம். 6 மிமீ தடிப்பு, 50 மிமீ நீளத்தில் முழு உருளையாக இருந்தால் 1.41 கன சென்டிமீட்டர். ஃப்ளூட் வெட்டிய இடத்துக்குக் கொஞ்சம் கழித்தால், கார்பைடு 17 முதல் 19 கிராமுக்குள் நிற்க வேண்டும். எச்எஸ்எஸ் என்றால் 10 கிராம் பக்கம் வரும். இவ்வளவு பெரிய இடைவெளியை எந்தக் கோட்டிங்காலும் மறைக்க முடியாது. நகை நிறுக்கும் சின்ன எலக்ட்ரானிக் தராசு போதும்.

பிறகு மைக்ரோமீட்டர். நல்ல ஷாங்க் எச்6 என்ற துல்லிய அளவில் அரைத்திருப்பார்கள், 6 மிமீக்கு 5.992 முதல் 6.000 வரை. 5.95 காட்டினால் அந்த விற்பனையாளரிடம் மறுபடி வாங்காதீர்கள்.

கடைசியாகப் பத்து மடங்கு பெரிதாக்கும் லென்ஸில் நாலு மூலையையும் பாருங்கள். மலிவுச் சரக்கில் எனக்குப் படும் உண்மையான குறை இங்கேதான். உலோகம் சரியாக இருக்கும். ஆனால் கட்டர்கள் டப்பாவுக்குள் ஒன்றோடொன்று உரசி, புதிதிலேயே மூலை பெயர்ந்து வரும். ஒவ்வொன்றும் தனித்தனி பிளாஸ்டிக் குழாயில், முனையில் மெழுகு முக்கி வந்திருந்தால் அனுப்பியவருக்கு அக்கறை இருக்கிறது என்று வைத்துக்கொள்ளலாம்.

ஜூரோங் தமிழ்:

நான் இங்கே சிங்கப்பூரில் சிஎன்சி செட்டராக வேலை பார்க்கிறேன். எச்ஆர்சி 45, 55, 65 என்று போட்டிருப்பது கட்டரின் கடினத்தன்மை இல்லை அண்ணா. எவ்வளவு கடினமான ஜாப் வரை அது தாங்கும் என்று விற்பவர் சொல்லும் கணக்கு. எம்எஸ், ஈஎன்8 எஃகு வெட்டுகிறவருக்கு 45 போதும். 65 என்று போட்டதற்குக் கூடுதல் காசு கொடுப்பது நம் வேலைக்கு வீண். கார்பைடைப் பிணைக்கும் கோபால்ட் குறைந்து கடினம் கூடக் கூட, சின்ன மெஷினின் அதிர்வை அது இன்னும் குறைவாகத்தான் தாங்கும்.

போலி என்ற பயம் இன்செர்ட்டில் நியாயமானது. பெரிய ஜப்பான், கொரியா பிராண்டுகளின் டப்பாவையும் எழுத்தையும் அப்படியே அச்சடித்து, பத்து இன்செர்ட்டை அசல் விலையில் கால்வாசிக்குக் கூடக் குறைவாக விற்பவர்கள் இருக்கிறார்கள். அந்த விலைக்கு அசல் வராது. அதற்குப் பதில் சீனாக்காரர்கள் தங்கள் சொந்தப் பெயரிலேயே விற்கும் சரக்கை வாங்குங்கள். ஹுனான் மாகாணத்தில் ஜூஜோ என்ற ஊர் கார்பைடுக்கென்றே பேர் போனது. அங்கிருந்து வரும் இசட்சிசி பிராண்டு இன்செர்ட்டுகளை எத்தனையோ தொழிற்சாலைகள் தினமும் ஓட்டுகின்றன. சொந்தப் பேர் போட்டு விற்பவனுக்குக் கெட்டுப்போக ஒரு பேர் இருக்கிறது.

விலை இப்படியே இருக்கும் என்றும் நினைக்காதீர்கள். உலக டங்ஸ்டனில் ஐந்தில் நான்கு பங்கு சீனாவிலிருந்துதான் வருகிறது. 2025 பிப்ரவரியில் அந்த அரசு டங்ஸ்டன் பொருள்கள் சிலவற்றை ஏற்றுமதிக் கட்டுப்பாட்டுக்குள் கொண்டுவந்தது. அதன் பிறகு மூலப்பொருள் விலை ஏறியது, கார்பைடு விலையும் ஏறியது.

பாரிமுனை வாங்கி:

வாங்கும் வழி பற்றி. சீன இணையக் கடையான அலிஎக்ஸ்பிரஸ், இந்திய அரசு 2020 நவம்பர் 24 அன்று தடை செய்த 43 செயலிகளில் ஒன்று, அதனால்தான் இங்கே பலர் இடையில் ஒருவர் இறக்கி விற்பதை வாங்குகிறோம். அது தப்பில்லை, ஆனால் அதே கட்டருக்கு ஒவ்வொருவர் ஒவ்வொரு பேர் வைத்திருப்பார்கள். படத்தை நம்பாமல் அளவு, ஃப்ளூட் நீளம், கோட்டிங் மூன்றையும் எழுத்தில் கேட்டு வாங்குங்கள். நேரடியாகத் தபாலில் வரவழைத்தால் சுங்கவரி, ஐஜிஎஸ்டி, கூரியர்காரரின் கட்டணம் எல்லாம் சேரும், அடையாள ஆவணமும் கேட்பார்கள். பரிசு என்று எழுதி அனுப்பினால் 5,000 ரூபாய் வரை வரி இல்லை என்று இன்னும் சிலர் சொல்கிறார்கள். அந்தச் சலுகை 2019 டிசம்பரோடு நின்றுவிட்டது. 160 ரூபாய் கட்டரை ஒன்றிரண்டாக வரவழைத்தால் கடை விலையையே தொட்டுவிடும்.

எல்லாவற்றையும் வெளியிலிருந்து வாங்க வேண்டியதும் இல்லை. எச்எஸ்எஸ் எண்ட் மில்லுக்கு நம்ம அடிசன், லேத் பிட்டுக்கு மிராண்டா போன்ற பிராண்டுகள் இருக்கும்போது கடல் தாண்டிப் போவானேன். ட்ரில்லும், மரை வெட்டும் டேப்பும் நான் மலிவில் வாங்குவதே இல்லை. உள்ளே ஒடிந்த டேப்பை எடுக்க ஆகும் செலவு, அசல் டேப்பைப் போல் பத்து மடங்கு.

டூல்ரூம் பெரியவர்:

இன்செர்ட் பத்தி நானும் ஒண்ணு சொல்லிடறேன். சின்ன லேத்துக்கு சிசிஎம்டி 060204 சரியா இருக்கும். முதல் எழுத்து 80 டிகிரி வைர வடிவம், அடுத்தது 7 டிகிரி கிளியரன்ஸ், கடைசி 04ன்னா மூக்கு 0.4 மிமீ ரேடியஸ். அலுமினியத்துக்கு சிசிஜிடி, பளபளன்னு கத்தி மாதிரி இருக்கும். எம்எஸ்ல கடைசி ஃபினிஷ் கட்டுக்கும் அதைப் போட்டுப் பாருங்க, சின்ன மெஷின்ல அது வெட்டுற அழகே தனி. சிஎன்எம்ஜி பக்கம் போகாதீங்க, அதைத் தள்ள உங்க மோட்டாருக்குப் பலம் பத்தாது. 50 மிமீ ஃபேஸ் மில்லும் (ஜாப்போட மேல்முகத்தைச் சமமாக்குற பெரிய கட்டர்) அப்படித்தான். ஒத்தைப் பிட் ஃப்ளை கட்டர்ல அதைவிட நல்லா முகம் எடுக்கலாம்.

ஹோல்டர் மலிவுல வாங்கினா இன்செர்ட் உக்கார்ற பள்ளத்தைப் பாருங்க. மார்க்கர் மை தடவி, இன்செர்ட்டை வச்சு அழுத்தி எடுத்தா, மை எங்க ஒட்டியிருக்குன்னு தெரியும். அடியில முழுசாவும் பின்பக்கம் ரெண்டு சுவர்லயும் படணும். ஆடிச்சுன்னா அந்த ஹோல்டரைத் திருப்பி அனுப்புங்க.

துடியலூர் பட்டறை:

ஒன்பது நாள் கழிச்சு வர்றேன், மன்னிச்சுக்கோங்க. டாக்டர் நஞ்சப்பா ரோட்டுல டிரில் சக்குக்குப் பதிலா எம்டி3 ஷாங்க்ல ஈஆர்20 கலெட் சக் (கட்டரைச் சுத்தி முழுசா இறுக்கிப் பிடிக்கிறது) கிடைச்சுது, 6, 8, 10 கலெட்டோட. கலெட்டை முதல்ல நட்டுக்குள்ள சாய்ச்சு 'க்ளிக்'னு உக்கார வச்சு, அப்புறம்தான் கட்டரைச் சொருகணும்னு கடைக்காரர் செஞ்சு காட்டினார். டயல்ல இப்போ 0.02.

தெரிஞ்ச நகைக் கடையில நிறுத்தோம். ஏழும் 17.8ல இருந்து 18.2 கிராம். மைக்ரோமீட்டர் 5.99க்கும் 6.00க்கும் நடுவுல நிக்குது. சரக்கு கார்பைடுதாங்க. மச்சான்கிட்ட நான் பேசின பேச்சுக்கு போன் பண்ணி வருத்தம் சொல்லிட்டேன்.

பேக்லாஷ் 0.35 இருந்துச்சு. டேபிள் ஆட்டத்தைக் குறைக்கிற ஜிப் ஸ்க்ரூவை இறுக்கி, அதே பிளேட்டைத் திருப்பிப் போட்டு, பாஸுக்கு 1 மிமீ, ஆயில் தடவாம காத்து மட்டும் அடிச்சுக்கிட்டே ரெண்டு ஸ்லாட் வெட்டினேன். ஒரே கட்டர். ஆழம் ரெண்டு முனையிலயும் ஒண்ணா வந்துச்சு. சிப்பு லேசாப் பழுப்பேறி உதிர்ந்துச்சு. லென்ஸ்ல மூலை நாலும் அப்படியே இருக்குங்க.

ஒரு சந்தேகம் மிச்சம். அதே கட்டரை அலுமினியத்துல ஓட்டினேன், ஃப்ளூட்டுக்குள்ள அலுமினியம் அப்பிக்கிச்சு.

மினியேச்சர் இன்ஜின்:

உங்கள் கறுப்புக் கோட்டிங் பெரும்பாலும் டைட்டானியம் அலுமினியம் நைட்ரைடாக இருக்கும். கோட்டிங்கிலேயே அலுமினியம் இருப்பதால் அலுமினிய ஜாப் அதில் எளிதாக ஒட்டும். நாலு ஃப்ளூட்டில் சிப் வெளியேற இடமும் குறைவு. கோட்டிங் இல்லாத, பாலிஷ் செய்த இரண்டு அல்லது மூன்று ஃப்ளூட் கட்டர் வாங்குங்கள். பிரஷ்ஷால் கொஞ்சம் மண்ணெண்ணெய் தொட்டுக்கொண்டே வெட்டுங்கள்.

டூல்ரூம் பெரியவர்:

சந்தோசம் தம்பி. மூலை பெயர்ந்த ரெண்டாவது கட்டரைத் தூக்கிப் போடாதீங்க, மூலைக்கு டைமண்ட் ஃபைல்ல லேசா ஒரு சேம்ஃபர் (சரிவு) விட்டா ரஃப் வேலைக்கு ஆகும். பெரிசா சாணை பிடிக்கணும்னா சாதாரண சாம்பல் வீல்ல கார்பைடு ஏறாது, பச்சை வீல் வேணும். முகத்துக்கு மாஸ்க் கட்டாயம். அந்தத் தூசியில கோபால்ட் இருக்கு, நுரையீரலுக்கு ஆகாது. நான் மாஸ்க் இல்லாம பிடிச்ச வருஷங்களை நினைச்சா இன்னைக்கும் வருத்தமா இருக்கு.

துடியலூர் பட்டறை:

மாஸ்க் வாங்கிட்டுத்தான் சாணைப் பக்கம் போவேங்க ஐயா. அலுமினியத்துக்கு மூணு ஃப்ளூட் அஞ்சு, சிசிஎம்டி பத்து, சிசிஜிடி பத்து மச்சான்கிட்ட சொல்லியிருக்கேன். அடுத்த மாசம் வந்ததும் முதல்ல தராசுல வச்சுட்டு இங்க எழுதறேன்.